முதலில் எடுப்பது யார்? மூன்று அணுக் கொள்கைகள், மூன்று ஆபத்துகள்

அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடு ஒரு வட்டாரப் போரில் இறங்கினால், எதிர்த் தரப்பு முதலில் கணக்குப் போடுவது இதைத்தான்: எந்த இடத்தில் அதைக் கையில் எடுப்பார்கள்? இந்தியா, ‘நான் முதலில் எடுக்க மாட்டேன்’ என்கிறது. ‘எடுப்பேன், ஆனால் எந்தக் கட்டத்தில் என்று பிடிகொடுத்துச் சொல்ல மாட்டேன்’ என்பது ரஷ்யாவின் நிலை. பாகிஸ்தானோ, ‘உன் படை உள்ளே வந்தால் அங்கேயே எடுப்பேன்’ என்று எல்லையை ஒட்டியே ஆயுதத்தைத் தயார் செய்துவிட்டது. மூன்று நாடுகளுமே போரைத் தடுப்பதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. நடந்த சண்டைகளை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே தரமல்ல.

முதல் வழியைத் தொடங்கிவைத்தது சீனா. 1964 அக்டோபர் 16 அன்று முதல் அணுகுண்டை வெடித்த அதே நாளில், முதலில் பயன்படுத்த மாட்டோம் என்றும் அறிவித்தது. 1998 பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு இந்தியாவும் அதே பாதையைப் பிடித்தது. 1999 ஆகஸ்டில் வரைவு வெளிவந்தது, 2003 ஜனவரியில் கொள்கை உறுதியானது. ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் பெரிய தாக்குதல் நடந்தால் மட்டும் விதிவிலக்கு. 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். கொள்கை மாறவில்லை, ஆனால் கேட்டவர்கள் மறக்கவில்லை.

இந்த வாக்குறுதியின் உண்மையான பலன் ஒழுக்கம் சார்ந்தது அல்ல, நேரம் சார்ந்தது. ‘முந்திக்கொள்ளாவிட்டால் எல்லாம் போய்விடும்’ என்ற பதற்றம் எதிரிக்குக் குறைகிறது. சொன்னவருக்கும் ஆயுதத்தை எந்நேரமும் தயாராக வைத்திருக்கும் அவசியம் இல்லை. ஆனால் 2018-இல் இந்தியாவின் அணு ஏவுகணை சுமக்கும் அரிஹந்த் நீர்மூழ்கி தன் முதல் ரோந்தை முடித்தது. தரையில் செய்வதுபோல், கடலுக்கடியில் குண்டை ஓரிடத்திலும் ஏவுகணையை வேறிடத்திலும் பிரித்து வைத்திருக்க முடியாது. வாக்குறுதி அப்படியே இருக்கிறது, ஆயுதம் இருக்கும் நிலை மாறிக்கொண்டிருக்கிறது.

பாகிஸ்தானின் வழி பலவீனத்திலிருந்து பிறந்தது. 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு இந்தியப் படைகள் மாதக்கணக்கில் எல்லையில் நின்றன. அவை அங்கே போய்ச் சேரவே வாரங்கள் பிடித்தன. அதில் பாடம் கற்ற இந்திய ராணுவம், விரைவாக உள்ளே புகுந்து சிறிது நிலத்தை மட்டும் பிடிக்கும் திட்டத்தை 2004-இல் பேசத் தொடங்கியது. அதற்கு பாகிஸ்தான் அளித்த விடை, 2011 ஏப்ரலில் சோதிக்கப்பட்ட, சிறு அணுகுண்டு சுமக்கும் நஸ்ர் ஏவுகணை. அது போய் விழும் தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். நகரத்தை அழிக்க அல்ல, முன்னேறி வரும் டாங்கிப் படையை நிறுத்துவதற்காக.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. தன் மீதோ தன் படைகள் மீதோ எங்கே அணு ஆயுதம் விழுந்தாலும் பெரும் பதிலடி கொடுப்போம் என்று இந்தியா எழுதிவைத்திருக்கிறது. ஒரு சிறு குண்டு பாகிஸ்தான் மண்ணிலேயே, இந்திய டாங்கிகளின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக லாகூரை எரிப்பார்களா? எரிக்க மாட்டார்கள் என்று பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டி நினைக்கிறது. எரிப்போம் என்று நம்பவைத்தால்தான் குண்டு விழாது என்று டெல்லி நினைக்கிறது. இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. எது தவறு என்று தெரிவது குண்டு விழுந்த பிறகுதான்.

நஸ்ரின் இன்னொரு கோளாறு அதன் தூரத்திலேயே இருக்கிறது. 60 கிலோமீட்டர் போகும் ஆயுதத்தைப் போர்முனைக்கு அருகில்தான் நிறுத்தியாக வேண்டும். எதிரி நெருங்க நெருங்க, பயன்படுத்துவதா, பறிகொடுப்பதா என்ற நெருக்கடி வரும். முடிவெடுப்பது பிரதமர் தலைமையிலான தேசியக் கட்டளை ஆணையம்தான் என்று இஸ்லாமாபாத் சொல்கிறது. தகவல் தொடர்பு அறுந்த போர்முனையில் அது எவ்வளவு நேரம் செல்லுபடியாகும்?

நஸ்ர் பயனில்லாததும் அல்ல. அது வந்த பிறகு டாங்கிகள் எல்லை தாண்டவில்லை. சண்டை ஆகாயத்துக்கு இடம் மாறியது: 2019 பிப்ரவரியில் பாலாகோட் மீது இந்திய விமானத் தாக்குதல், 2025 மே மாதத்தில் நான்கு நாள் ஏவுகணை, டிரோன் மோதல். மே 10 அன்று ராவல்பிண்டியின் நூர்கான் விமானத் தளமே தாக்கப்பட்டது. கட்டளை ஆணையம் கூடப்போவதாக அன்று செய்தி பரவியது. அப்படி எந்தக் கூட்டமும் இல்லை என்று பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் மறுத்தார். வாசலில் காவல் போட்டால் கூரை வழியே வருகிறார்கள். கூரைக்கான எல்லைக்கோட்டை யாரும் இன்னும் தெளிவாக வரையவில்லை.

ரஷ்யாவின் வழி புலி வருகிறது என்று கூவுவதைப் போன்றது, ஒரு வேறுபாட்டோடு: இங்கே புலி நிஜமாகவே உண்டு. 1982-இல் சோவியத் யூனியன் முதலில் பயன்படுத்தோம் என்று வாக்களித்தது. 1993-இல் ரஷ்யா அதைக் கைவிட்டது. 2022 பிப்ரவரி 27 அன்று, உக்ரைன் மீது படையெடுத்த மூன்றே நாளில், புதின் அணுப் படைகளைச் சிறப்புத் தயார்நிலையில் வைக்க உத்தரவிட்டார். பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். ரஷ்யாவின் மோஸ்க்வா போர்க்கப்பல் மூழ்கியது. தன் நிலம் என்று இணைத்துக்கொண்ட சில வாரங்களிலேயே கெர்சோன் நகரைவிட்டு ரஷ்யப் படை வெளியேறியது. 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் டிரோன்கள் ரஷ்யாவின் அணுகுண்டு சுமக்கும் விமானங்களையே எரித்தன. அணு ஆயுதம் வெளியே வரவில்லை.

அப்படியானால் வெற்று மிரட்டலா? அவசரப்பட்டு அப்படிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நேட்டோ படைகள் களத்தில் இறங்கவில்லை. உக்ரைன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடும் கோரிக்கை எடுபடவில்லை. உக்ரைன் கேட்ட எஃப்-16 போர் விமானங்கள் வந்துசேர 2024 ஆனது. மிரட்டல் போரை நிறுத்தவில்லை, உதவியை இழுத்தடித்தது. அதன் விலை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரக்கக் கத்த வேண்டியிருப்பது. 2024 நவம்பர் 19 அன்று ரஷ்யா தன் கொள்கையைத் திருத்தி, அணு நாட்டின் துணையோடு அணு ஆயுதமற்ற நாடு தாக்கினால் அதைக் கூட்டுத் தாக்குதலாகக் கொள்வோம் என்றது. இதுவரை கடந்த கோடுகள் வெறும் சுண்ணாம்புக் கோடுகள் என்பதால் அடுத்ததும் அப்படித்தான் என்று எண்ணுவது சூதாட்டம்.

என்னைத் தரவரிசை போடச் சொன்னால் நஸ்ர் வழிதான் கடைசி. அது முடிவை மிகக் குறைந்த நேரத்துக்குள், போர்முனைக்கு மிக அருகில் தள்ளுகிறது. ரஷ்ய வழி அடுத்தது. குறைந்தபட்சம் அங்கே முடிவு தலைநகரில் இருக்கிறது. முதலில் எடுக்காத கொள்கைக்கே என் வாக்கு, ‘பெரும் பதிலடி’ என்ற நம்ப முடியாத சொல்லை நீக்கிவிட்டு.

ஆனால் இந்த வரிசையைக் குலைக்கும் இரண்டு சம்பவங்கள் உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை, பாகிஸ்தானும் திருப்பி அடிக்கவில்லை. தவறு நடந்துவிட்டது என்று டெல்லி வெளிப்படையாக அறிவித்தது மார்ச் 11 அன்று. 2024 நவம்பர் 21 அன்று ரஷ்யா உக்ரைனின் டினிப்ரோ நகர் மீது, அணுகுண்டும் சுமக்கக்கூடிய ஒரேஷ்னிக் ஏவுகணையை ஏவியது. ஏவுவதற்கு 30 நிமிடம் முன்பே வாஷிங்டனுக்கு அறிவிப்பு போயிருந்தது. மிரட்டிய நாடு முன்கூட்டியே தகவல் சொன்னது, வாக்குறுதி தந்த நாடு இரண்டு நாள் கழித்து விளக்கம் சொன்னது.