ரியர் ஷாக் சர்வீஸுக்கு ஏழாயிரம் வாங்கினார்கள், ஷாக்கைத் திறக்கவே இல்லை

சென்னையில் ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக், அதாவது முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள கரடுமுரடுப் பாதை சைக்கிள், வைத்திருப்பவர்கள் குறைவு. அதன் ரியர் ஷாக்கை, அதாவது பின்பக்க அதிர்வு தாங்கியை, பிரித்து வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. தெரியும் என்று சொல்கிறவர்கள்தான் நிறைய. தென்சென்னையில் அப்படிப்பட்ட ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயர் வேண்டாம்.

என் ட்ரெயில் பைக்கின் ரியர் ஷாக் அமுங்கும்போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம். சில ஷாக்குகளில் எண்ணெய் ஓடும் சத்தம் இயல்புதான். ஆனால் சத்தத்தோடு, அமுங்கத் தொடங்கும் இடத்தில் தடையே இல்லாமல் சொத்தென்று இறங்கினால் டேம்பர் (ஷாக் அமுங்கி எழும் வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்தும் பகுதி) எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதைச் சரிசெய்ய டேம்பரைப் பிரித்து, எண்ணெய் மாற்றி, என்னுடைய மாடலில் நைட்ரஜனும் ஏற்ற வேண்டும். அதற்கான கருவி இருக்கிறதா என்று கேட்டேன். “எல்லாம் இருக்கு சார், வண்டிய விட்டுட்டுப் போங்க” என்றார்கள்.

திரும்ப வாங்கும்போது ஷாக் புதுசு மாதிரி பளபளத்தது. “ஃபுல்லா பிரிச்சு, சீல் மாத்தி, நைட்ரஜன் ஏத்தியாச்சு சார்.” ஏழாயிரம் ரூபாய். ஆனால் என் எடை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறுத்தியது.

என்னுடையது போல, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று எடையைத் தாங்கும் ஏர் ஷாக்கில் எவ்வளவு காற்று என்பதை ஓட்டுபவரின் எடைதான் முடிவு செய்கிறது. ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் வண்டியில் ஏறி, ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை சீல் வரை தள்ளிவிட்டு, ஆடாமல் உட்கார்ந்து மெதுவாக இறங்க வேண்டும். ஓ-ரிங் நகர்ந்திருக்கும் தூரம்தான் ஸாக், அதாவது நம் எடைக்கு ஷாக் அமுங்கும் அளவு. ட்ரெயில் பைக்குக்குப் பொதுவாக ஷாக் ஸ்ட்ரோக்கில் (முழுசாக அமுங்கும் தூரம்) 25 முதல் 30 சதவீதம் வைப்பார்கள். என் ஷாக் 210க்கு 50. அதாவது நீளம் 210 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., ஸாக் 12.5 முதல் 15 மி.மீ. வரை இருக்கலாம். வீட்டில் அளந்தால் 20 மி.மீ. நாற்பது சதவீதம்! ரீபவுண்ட் குமிழை முழுக்க மூடி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் ஷாக் திரும்பி எழ நேரம் எடுக்கும். அடுத்தடுத்து கல் வந்தால் எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, போகப் போக அமுங்கியே கிடக்கும். திருநீர்மலைப் பக்கம் கல் பாதையில் ஓட்டினேன், பின் சக்கரம் செங்கல் கட்டியது போல இடித்தது. சளக் சத்தமும் அப்படியே இருந்தது.

திரும்பப் போய்க் கேட்டால், “ஷாக்கே போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்று 210க்கு 55 ஒன்றை எடுத்து நீட்டினார்கள். நீளம் ஒன்றுதானே, பொருந்தும் என்றார்கள். மாட்டத்தான் முடியும். ஆனால் 50 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு வடிவமைத்த ஃபிரேமில் 55 போட்டால், முழுசாக அமுங்கும்போது பின் டயரோ இணைப்புகளோ ஃபிரேமில் போய் இடிக்கலாம். ஃபிரேம் வாரன்டியும் கேள்விக்குறிதான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வேளச்சேரியில் இருக்கும் நண்பன் தன் வண்டி வேலையைத் தானே பார்ப்பவன். காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஏர் கேனை, அதாவது காற்று நிற்கும் வெளி உறையை, கழற்றினான். (காற்று இறக்கிய பிறகும் ஷாக் அமுங்கியே இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கும், கேன் தெறிக்கும்.) உள்ளே பழைய சீல்கள் காய்ந்து வெடித்து, கறுப்புச் சேறாகப் பழைய கிரீஸ். டேம்பர் தண்டைக் கையால் அமுக்கினால் அதே சொத்து, அதே சளக். “மச்சி, வெளிய பாலிஷ் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்” என்றான். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டோம்.

சர்வீஸுக்குக் கொடுக்கிறவர்கள் ஷாக்கின் சீரியல் நம்பரையும், காற்றழுத்தம், ரீபவுண்ட் கிளிக் எண்ணிக்கையையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய சீல்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த கடைக்கு அதைத் தருவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பில்லில் வெறும் ‘சர்வீஸ்’ என்று போடவிடாமல், ஏர் கேன் சர்வீஸா டேம்பர் சர்வீஸா என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேலை, விலையும் வேறு. ராக்‌ஷாக்ஸ் ஷாக்குகள் பலவற்றுக்கு ஏர் கேன் சர்வீஸ் 50 மணி நேரம் ஓட்டியதும், டேம்பர் சர்வீஸ் 200 மணி நேரம் ஓட்டியதும் என்பதுதான் அந்தக் கம்பெனியின் கணக்கு. எண்ணெய் மாற்றவே வேண்டாம் என்கிற கடைகூடப் பரவாயில்லை. மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்கிற கடைதான் ஆபத்து.

கடைக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். “பையன் பண்ணது சார், எனக்குத் தெரியாது” என்றார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில், ஜிபே ரசீது, “நைட்ரஜன் டன் சார்” என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப், வீடியோ எல்லாம் கையில் இருக்கின்றன. இதில் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன்; நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஷாக்கை இப்போது வெளியூரில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.