ஆண்டுக் கணக்கை மட்டும் காட்டி சோலார் விற்கிறார்கள், கவனம்

மொட்டை மாடியில் சோலார் போடப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் கோட்டேஷனில் ஒரு விவரத்தைத் தேடுங்கள்: பேனலின் சாய்வு எத்தனை டிகிரி? பல கோட்டேஷன்களில் அது இருக்காது, அல்லது "தளத்துக்கு ஏற்றபடி" என்று இருக்கும். ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது.

சாய்வைக் குறைத்தால் பேனலைத் தாங்கும் சட்டத்தின் பின்கால்கள் குட்டையாகும், இரும்பு மிச்சமாகும், வரிசைகளை நெருக்கி அதே மாடியில் கூடுதல் பேனல் விற்கலாம். கோடையில் உற்பத்தி நன்றாக இருப்பதால் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. குளிர்காலத்தில் யூனிட் சரிந்ததும் கேட்டால் விற்றவர்கள் "குளிரில் பேனல் அப்படித்தான்" என்பார்கள். இது பொய். சிலிக்கான் பேனல் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் கூடத்தான் செய்யும். பகல் சுருங்குவதும் மேகமும் உண்மைக் காரணங்கள்தான். ஆனால் சாய்வைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

வட அரைக்கோளத்தில் அட்சரேகை 30 டிகிரி, பேனல் தெற்கு நோக்கி இருக்கிறது என்று வையுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 36.6 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் (90 - 30 - 23.4). அப்போது சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் பேனலுக்குக் கிடைக்கும் நேரடி வெயிலில், படுத்துக் கிடக்கும் பேனலுக்குக் கிடைப்பது 60 சதவீதம். 10 டிகிரி சாய்வுக்கு 73, 30 டிகிரிக்கு 92, 45 டிகிரிக்கு 99. ஜூனில் நிலைமை தலைகீழ்: 10 டிகிரிக்கு ஏறக்குறைய முழுதும், 45 டிகிரிக்கு 78. கோடை லாபம் குளிர்கால நஷ்டத்தை மறைத்துவிடுவதால் ஆண்டு மொத்தத்தில் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். ஆண்டுக் கணக்கை மட்டும் நீட்டுவது இதற்காகத்தான். குளிரில் மின்தேவை அதிகமுள்ள வீட்டுக்கும், பேட்டரியை மட்டுமே நம்பும் வீட்டுக்கும் அந்த மொத்தம் எதற்கும் உதவாது.

குறைந்த சாய்வெல்லாம் மோசடி இல்லை. அட்சரேகை 10 டிகிரி உள்ள ஊருக்கு 10 டிகிரி சாய்வு சரியானதே.

சாய்வைக் கூட்டிவிட்டு வரிசைகளுக்கு நடுவே இடைவெளியைச் சுருக்குவது அடுத்த தில்லுமுல்லு. 2 மீட்டர் நீளப் பேனலை 30 டிகிரியில் நிறுத்தினால் பின்விளிம்பு 1 மீட்டர் உயரும். மேலே சொன்ன அதே அட்சரேகையில், அதே நாளில், சூரிய நேரப்படி (சூரியன் உச்சிக்கு வருவதே 12 மணி) காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை பின்வரிசையில் நிழல் விழாமலிருக்க ஏறத்தாழ 1.85 மீட்டர் இடைவெளி வேண்டும். நீளப்பக்கம் மேல்கீழாக வரும்படி வைத்த முழுச்செல் (செல்களைப் பாதியாக வெட்டாத) பேனலின் அடிவரிசைச் செல்களில் மட்டும் நிழல் விழுந்தாலே அந்தப் பேனலின் உற்பத்தி அநேகமாக நின்றுவிடும், ஏனென்றால் பேனலுக்குள் தொடராக இணைத்த மூன்று செல் தொகுப்புகளும் ஒன்றாக அடிபடும். நீளப்பக்கம் கிடைமட்டமாக வரும்படி வைத்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் போகும்.

ஆகவே சாய்வு, திசை, வரிசை இடைவெளி மூன்றையும் எண்ணாக எழுதி வாங்குங்கள். மாதவாரி உற்பத்தியைக் கேளுங்கள், அதே எண்களை சோலார் உற்பத்தியைக் கணக்கிட்டுத் தரும் பிவிவாட்ஸ் (PVWatts) அல்லது பிவிஜிஐஎஸ் (PVGIS) தளத்தில் இலவசமாகப் போட்டு ஒப்பிடுங்கள். வேலை முடிந்ததும் மீதிப் பணம் கொடுக்கும் முன் போனிலுள்ள சாய்வுமானியைப் பேனல் சட்டத்தின் மேல் வைத்து அளந்து பாருங்கள். 25 வருட வாரண்டி பேனலின் திறனுக்குத்தான், தவறான சாய்வுக்கு அது பொருந்தாது.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பின்காலை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். 10 டிகிரியிலிருந்து 30க்குப் போனால் பின்விளிம்பு 35 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு ஏறும், காற்றின் தூக்குவிசையும் கூடும். நங்கூர போல்ட்டையும் அடிப்பாரத்தையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் மறுபடி கணக்கிட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள்.