குவேக்கர் கூட்டத்துக்கு ஒரு செட்டிநாட்டு வீடு: எது சரி, எது இடிக்கும்

கானாடுகாத்தான் பக்கம் முழு வீடாக வாடகைக்குக் கிடைக்கும் பழைய நகரத்தார் வீடுகளில் இது ஒன்று. வீட்டார் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை. மௌன ஆராதனைக்குப் பெயர்பெற்ற கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் இரண்டு நாள் கூடுகைக்கு இடம் தேடுவோருக்காக இந்த மதிப்பீடு. மௌன ஆராதனைக்கு அருமையான இடம். அலுவல் கூட்டத்துக்குச் சில ஏற்பாடுகள் தேவை. குழுக்கள் தனியாக உட்கார்ந்து பேசத்தான் சிரமம்.

பார்த்ததும் எல்லோரும் முகப்புப் பட்டாலையை, அதாவது வந்தவரை வரவேற்கும் முன்கூடத்தைத்தான் கேட்பார்கள். வேண்டாம். ஆராதனைக்கு வட்டமாக அமர வேண்டும், தேக்குத் தூண்கள் அந்த வட்டத்தை உடைக்கின்றன. மேலும் அது வீட்டுக்காரர் நடுவில் அமர்ந்து வந்தவரைப் பார்ப்பதற்காகக் கட்டிய இடம். நாற்காலி போட்டாலே ஒரு பக்கம் மேடை ஆகிவிடும். போதகரும் பிரசங்கமும் இல்லாத ஆராதனையில் எல்லா நாற்காலியும் ஒன்றுதான். முன்பகுதிக்கு அடுத்த இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும் கூடத்தைக் கேளுங்கள். அங்கே ஒரே வட்டமாக இருபத்தைந்து பேர் அமரலாம், அதற்கு மேல் என்றால் இரண்டு வட்டம்.

எதிரொலிதான் பெரிய தொல்லை. ஆத்தங்குடிக் கல் தரை, பளிங்கு போல வழவழத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை: ஓர் எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் வீடு முழுக்கக் கேட்கும். வட்டத்துக்குள் இரண்டு கனத்த ஜமக்காளம் விரித்தால் பாதி அடங்கும். அடிக்கும் சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஆராதனை ஒரு மணி நேரம், பொறுப்பாளர் இருவர் கைகுலுக்கி அதை முடித்த பிறகே காபி என்று சமையல்கட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விருந்தோம்பலே மௌனத்தைக் கெடுக்கும். முக்கால் மணியில் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அலுவல் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் மனம் எங்கே கூடுகிறது என்று கூட்டத்தை நடத்தும் கிளார்க் கவனித்து, அங்கேயே மினிட்ஸ் என்ற முடிவுக் குறிப்பை எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரும் ஏற்ற பிறகே அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். எழுதும் நேரத்தில் மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். எனவே கிளார்க்கின் மேஜை முற்றத்து வெளிச்சம் விழும் பக்கம் இருக்கட்டும். கரண்டு போனாலும் எழுத்து நிற்காது. மைக் வேண்டாம், அது எதிரொலியைப் பெருக்கும். மினிட்ஸை நிறுத்தி நிறுத்தி வாசித்தாலே கடைசி நாற்காலிக்கும் கேட்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து பொருளுக்கு மேல் வைத்தால் அவசரம் வந்துவிடும். அவசரத்தில் எழுதிய மினிட்ஸ் அடுத்த கூட்டத்தில் சண்டையாகத் திரும்பி வரும்.

பொறுப்புகளுக்கு ஆள் பரிந்துரைக்கும் நியமனக் குழுவுக்கும், ஒருவர் தன் முடிவில் தெளிவு பெற உதவும் தெளிவுக் குழுவுக்கும் வளவு அறைகளை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளைக் கொடுக்காதீர்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று கட்டிய அறைகள் அவை. காற்று குறைவு, உள்ளே பேசுவது தாழ்வாரத்தில் நடப்பவர் காதில் விழும். தெளிவுக் குழு அறிவுரை சொல்லாது, கேள்வி மட்டும் கேட்கும். கேட்டது வெளியே போகக் கூடாது. மாடி அறையே கதி. படி செங்குத்து, மூட்டுவலிக்காரர்களால் முடியாது. இந்த வீட்டின் உண்மையான குறை இதுதான்.

தங்குவதிலும் ஒரு சிக்கல். நகரத்தார் வழக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரே குடும்பக் கணக்கு. அறையும் அந்தக் கணக்கில்தான் ஒதுக்குகிறார்கள். தனியாக வருபவர்களின் பட்டியலை முன்பே கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு ஆடம்பரமான வீட்டில் எளிமையைப் பேசலாமா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. குவேக்கராக இருந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டு சிக்கனமாகக் கட்டியவர். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலில் வரவழைத்ததை மெச்சியிருக்க மாட்டார். ஆனால் வெயிலைத் தடுக்கும் சுண்ணாம்புச் சுவரும் காற்றை இழுக்கும் முற்றமும் அவருக்கும் உடன்பாடாகத்தான் இருந்திருக்கும். பட்டாலையைப் பூட்டி வைத்துவிட்டு இரண்டாம் கட்டோடு நிறுத்திக்கொண்டால் கேள்வியின் காரம் குறையும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறது. மூன்று வேளை விருந்து வேண்டாம், மதியம் ஒரு குழம்பும் இரண்டு காயும் போதும் என்று கறாராகச் சொன்னால்தான் பிற்பகல் கூட்டத்தில் யாரும் தூங்கமாட்டார்கள். வெள்ளைப் பணியாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மார்கழியில் விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கி உண்டு. ஆராதனையைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பதிவு செய்யவே வேண்டாம். குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தோடு சமையற்காரரும் போய்விடுவார்.