பொதிக்குதிரை ரிசார்ட்டா, வெள்ளகவி வீடா, ஊரிலேயே தங்குவதா?

போன ஐப்பசியில் நாங்கள் நான்கு பேர் கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கினோம். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து காப்பித் தோட்டம் வழியாக ஐந்து கிலோமீட்டர் நடை. பைகளைக் குதிரை சுமந்து வரும் என்றார்கள். தலைக்கு 4,500 ரூபாய். வெந்நீர், மெத்தை போட்ட கூடாரம், தீ மூட்டிக் கோழி வாட்டல் என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. ஒரு படத்தில் வெள்ளைக் குதிரை நின்றது. நேரில் நின்றவை விலா எலும்பு தெரிந்த இரண்டு மட்டக்குதிரைகள்.

மதியம் இரண்டு மணிக்குப் பைகளை ஒப்படைத்தோம். அவை எங்களிடம் வந்தபோது இரவு எட்டரை. இடையில் மழை. ஸ்வெட்டர், மாற்றுத்துணி, அட்டைக்குப் போடும் உப்பு எல்லாம் பைக்குள்ளேயே இருந்தன. ஈரச் சட்டையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது: இது வெறும் அலட்சியம் இல்லை, கணக்குப் பிழை.

கணக்கைப் பாருங்கள். பொதி சுமக்கும் விலங்குகளுக்கு 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் எடை வரம்பு வைத்திருக்கின்றன: மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200. அன்று அங்கே 18 விருந்தினர்கள். பை ஒன்றுக்கு எட்டு கிலோ என்றாலும் 144 கிலோ. இரண்டு குதிரைகளின் ஒரு நடை அதோடு சரி. அப்புறம் வீட்டு சிலிண்டர் ஒன்று இரும்போடு சேர்த்து 30 கிலோ வரும். தண்ணீர் கேன் 20. அரிசி, கோழி, கரி தனி. ஏறி இறங்க ஒரு நடைக்கு மூன்று மணி நேரம். கோழி முதல் நடையில் போனது, பைகள் இரண்டாவதில் வந்தன. ரிசார்ட்காரருக்கு எது முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை.

குதிரைக்காரரிடம் கோபப்படப் போனேன். "நாலு குதிரை வேணும்ணே. ரெண்டுதான் வாங்கிக் குடுத்திருக்காங்க. நடைக்குத்தான் எனக்குக் கூலி" என்றார். சேணத்தைக் கழற்றியபோது ஒரு குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அந்தப் புண்ணின் மேல்தான் என் பையும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெந்நீர் ஆளுக்கு அரை வாளி என்பதும், மெத்தையில் பூஞ்சை வாடை அடித்ததும் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனாலும் 4,500 ரூபாய்க்கு அரை வாளி!

இதோடு வெள்ளகவியை ஒப்பிடுவது முதலில் அநியாயம் போலத் தோன்றும். அது ரிசார்ட் இல்லை, ஊர். வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, மலைச்சரிவில் கீழே இறங்கிப் போக வேண்டும். மலைச்சாலை வராத காலத்தில் பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்களின் பாதைகளில் இதுவும் ஒன்று. நான் போனபோதும் அங்கே சாமான் போனதும் விளைச்சல் வந்ததும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும்தான். ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். ஒரு கோடையில் அங்கே ஒரு வீட்டில் தங்கினேன். சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். படுக்கப் பாயும் கம்பளியும். குளியலறை என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் யாரும் எனக்கு வெந்நீர் தருகிறேன் என்று சொல்லவில்லையே. பையை நானே சுமந்தேன். அங்கே குதிரை காப்பி மூட்டைக்கு, சுற்றுலாக்காரருக்கு இல்லை. முதுகு புண்ணானால் அந்த வாரம் விளைச்சல் சந்தைக்குப் போகாது என்பதால், வீட்டுக்காரர் தான் சாப்பிடும் முன் குதிரைக்குக் கொள்ளு வைத்தார். செலவு ரிசார்ட்டில் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. குறை என்றால் திரும்பி ஏறுவது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளோடும் நான் போக மாட்டேன்.

மூன்றாவது வழி சப்பென்று இருக்கும்: போடியிலோ கொடைக்கானலிலோ அறை எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் காட்டுக்குள் நடப்பது. 2018 மார்ச்சில் போடிக்குப் பக்கத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையப் பதிவில் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. வழிகாட்டி கூடவே வருவார். ராத்திரி அறையில் கீசர் இருக்கும், ஸ்வெட்டர் கையிலேயே இருக்கும். மலையில் விடியும் அழகு மட்டும் கிடைக்காது. அது கட்டாயம் வேண்டுமென்றால் கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியற்காலை ஜீப் இருக்கிறது. இடுப்பு தாங்கினால் போய் வரலாம்.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு மூன்றாவதுதான் சரி. நான் தனியாகப் போனால் வெள்ளகவிதான், அதுவும் வனத்துறையிடம் அனுமதி விவரம் கேட்டுக்கொண்டு, மழை இல்லாத மாதத்தில். குதிரை ரிசார்ட்டை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பத்து விருந்தினருக்கு நாலைந்து குதிரை வைத்து நடத்தினால் அது நல்ல தொழில்தான். அதனால் பணம் அனுப்பும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: அன்றைக்கு எத்தனை விருந்தினர், எத்தனை குதிரை?

போன வாரம் வேறொரு இடத்துக்கு போன் போட்டு நானும் அப்படித்தான் கேட்டேன். "குதிரை எத்தனை இருக்கு?"

"போட்டோ எடுக்கவா சார்?" என்றார்கள்.