நீதிபதி நவநீதம் பிள்ளை குறித்த ஒலித்தொடர்: மூன்றாம் பாகத்துக்காக வாங்கலாம்

தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை நீதிபதியாக ஆற்றிய பணிகளை ஆறு பாகங்களில் சொல்லும் தமிழ் ஒலித்தொடர் ஒன்றை, மாதச் சந்தா கட்டிக் கடந்த இரு வாரங்களில் கேட்டு முடித்தேன். சொல்ல வேண்டிய குறைகள் சற்று அதிகம் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எனினும் மூன்றாம் பாகம் ஒன்றுக்காகவே கட்டிய பணம் தகும்.

முதலிரு பாகங்கள் டர்பனில் நடக்கின்றன. பேருந்து ஓட்டுநரின் மகள், ஊரார் திரட்டிக் கொடுத்த பணத்தில் சட்டம் படித்தவர் என்ற அறிமுகம் நன்று. ஆனால் 1967-இல் 'நாட்டிலேயே வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் பெண்' அவர் என்கிறார் வாசிப்பவர். நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக அலுவலகம் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் என்பதே சரி. ராபன் தீவுச் சிறையிலிருந்த அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973-இல் அவர் வாதாடிப் பெற்றது ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. பின்னணி இசைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது அதற்குத் தந்திருக்கலாம். 1995-இல் உயர் நீதிமன்றத்தின் தற்காலிக நீதிபதியாக அவர் அமர்ந்தார். வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு, ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்துக்கு ஐ.நா. பொதுச்சபை அவரைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாம் பாகத்தில், அந்தத் தீர்ப்பாயம் இயங்கிய தான்சானியாவின் அரூஷா நகருக்கு வந்ததும் தொடரின் தரமே மாறிவிடுகிறது. இசை நின்று, விசாரணை மட்டும் ஒலிக்கிறது. ருவாண்டாவின் டாபா ஊரின் முன்னாள் மேயர் ழான்-பால் அகயேசு மீதான வழக்கை விசாரித்த மூவர் அமர்வில் பெண் இவர் ஒருவர்தான். தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை என்ற சொல்லே இல்லை. 'ஜே' என்ற எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்ட சாட்சி, தன் ஆறு வயது மகளை மூவர் சீரழித்ததைச் சொல்கிறார். அமர்வு கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, மேயரின் அலுவலக வளாகத்திலேயே இளம்பெண்களுக்கு அது நேர்ந்ததாகத் தாம் கேள்விப்பட்டதையும் சொல்கிறார். பிறகு வந்த சாட்சி 'ஹெச்', சோள வயலில் தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்படுகிறது. 1998 செப்டம்பர் 2-இல் வந்த தீர்ப்பு, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதன்முறையாக நிறுவியது. இந்த வரிசையை ஓரிடத்திலும் குரலை உயர்த்தாமல் வாசித்திருக்கிறார்கள். பேருந்தில் கேட்டுக்கொண்டிருந்த நான் நடுவில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் மீதியைக் கேட்டேன்.

நான்காம் பாகத்தில் சட்டச் சொற்கள் குழம்புகின்றன. இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் ஒன்றே போல மாற்றி மாற்றி வருகின்றன. முன்னதற்கு ஓர் இனக்குழுவை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தை நிறுவ வேண்டும். பின்னதற்குப் பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் போதும். அகயேசு இரண்டுக்குமே தண்டனை பெற்றவர் என்பதால் வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஐந்தாம் பாகம், வெறுப்பைப் பரப்பிய வானொலி, பத்திரிகைப் பொறுப்பாளர்கள் மூவர் மீதான வழக்கு. பிள்ளை தலைமை வகித்த அமர்வு 2003 டிசம்பர் 3-இல் அளித்த தீர்ப்பை வெற்றி முழக்கத்துடன் முடிக்கிறார்கள். 2007-இல் மேல்முறையீட்டு அமர்வு சில குற்றங்களை நீக்கி, மூவரின் தண்டனையையும் குறைத்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறைந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ!

ஆறாம் பாகம் ஏறத்தாழ முழுவதும் அவர் பின்னர் வகித்த ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவிக்குப் போய்விடுகிறது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவில் 2003 முதல் 2008 வரை அவர் இருந்த காலத்துக்கு மிஞ்சியது சில நிமிடங்களே. நீதிபதியைப் பற்றிய தொடரில் இது பெரிய ஓட்டை.

1967 பற்றிய பிழையைச் சுட்டி நிறுவனத்துக்கு எழுதினேன். திருத்துவதாக மறுநாளே பணிவான பதில் வந்தது. நேற்றிரவு போட்டுப் பார்த்தபோது பழைய வாக்கியமேதான் ஒலித்தது.