விகிதமா, மோலா? வினைபடும் நிறையைக் கணக்கிட இரண்டு வழிகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். இவ்வளவு மெக்னீசியம் எரிய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கை முன்பெல்லாம் மோல் (அணு அல்லது மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்த அளவு) வழியாகத்தான் தொடங்குவேன். சென்ற ஆண்டிலிருந்து, ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே நிறை விகிதத்தில்தான் இருக்கும் என்ற மாறா விகித விதியில் தொடங்குகிறேன்.

நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அணு நிறையும் இரண்டுக்குமே வேண்டும். தவறு கண்ணில் படுகிறதா என்பதில்தான் வேறுபாடு.

6 கிராம் மெக்னீசியம் என்று வைத்துக்கொள்வோம். மெக்னீசியம் ஆக்சைடில் ஓர் அணுவுக்கு ஓர் அணு; அணு நிறைப்படி மெக்னீசியம் 24-க்கு ஆக்சிஜன் 16, அதாவது 3-க்கு 2. ஆக, 4 கிராம் ஆக்சிஜன் போதும். 10 கிராம் ஆக்சைடு கிடைக்கும். மோல் வழியில் 6/24 = 0.25 மோல். இரண்டு மெக்னீசியம் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு என்பதால் அதில் பாதி, 0.125 மோல், ஆக்சிஜனின் மூலக்கூறு நிறையான 32-ஆல் பெருக்கினால் அதே 4. இந்தப் பாதியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். 0.25-ஐ 32-ஆல் பெருக்கி 8 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். 3-க்கு 2 என்று மனதில் பதிந்த பிள்ளைக்கோ, மெக்னீசியத்தைவிட ஆக்சிஜன் கூடுதலாக வந்ததுமே உறுத்தும்.

மிச்சம் கேட்கும் கணக்கிலும் அப்படித்தான். 14 கிராம் இரும்பு, 10 கிராம் கந்தகம். இரும்பு சல்பைடில் 7-க்கு 4. எனவே 8 கிராம் கந்தகம் சேரும், 2 கிராம் மிஞ்சும், சல்பைடு 22 கிராம். போட்டது 24, இருப்பதும் 24.

பிரெஞ்சு வேதியியலாளர் புரூஸ்ட் 1799-இல் தாமிர கார்பனேட்டை ஆராய்ந்து, இயற்கையில் கிடைத்தாலும் ஆய்வகத்தில் செய்தாலும் அதன் விகிதம் ஒன்றே என்று காட்டினார். டால்டனின் அணுக்கொள்கை அதற்குப் பிறகுதான் வந்தது. தராசு மட்டுமே தெரிந்த பிள்ளைக்கும் இது புரிவது அதனால்தான்.

சரி, மோல் எங்கே வேண்டும்? வாயுவின் கன அளவோ கரைசலின் செறிவோ வந்துவிட்டால் அதுதான் வழி. மேல்நிலை வகுப்புக்கு நான் பாடம் எடுத்ததில்லை; அங்கே விகிதம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

விகிதத்தில் தொடங்குபவர்கள் ஒன்றை மட்டும் விடக்கூடாது: சேர்மத்தின் பெயரை முதல் வரியில் எழுத வைக்க வேண்டும். அதே இரும்பும் ஆக்சிஜனும் ஃபெரஸ் ஆக்சைடில் 7-க்கு 2, ஃபெரிக் ஆக்சைடில் 7-க்கு 3.