ஆப்டில் பதிப்பு தேடுவது: பாலிசி, மேடிசன், ஆர்மேடிசன்

டெபியன், உபுண்டு லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஒரு பேக்கேஜில் (மென்பொருள் தொகுப்பு) என்னென்ன பதிப்புகள் கிடைக்கும் என்று டெர்மினலிலேயே பார்க்க, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்டின் குடும்பத்தில் பல கட்டளைகள் உண்டு. அவற்றில் நான் விடாமல் பயன்படுத்துபவை இவை.

முதலிடம் 'ஆப்ட்-கேஷ் பாலிசி'க்குத்தான். பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், மெஷினில் இப்போது இருக்கும் பதிப்பு, இன்ஸ்டால் செய்யச் சொன்னால் வரப்போகும் பதிப்பு இரண்டையும் மேலே காட்டும். கீழே எல்லாப் பதிப்புகளும், அவை வரும் ரெப்போவும் (பேக்கேஜ் களஞ்சியம்), ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணும் இருக்கும். சாதாரண ரெப்போவுக்கு 500, புதுப் பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்குக் கொண்டுவரும் டெபியன் பேக்போர்ட்ஸுக்கு 100, சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டலுக்கு 1. "பேக்போர்ட்ஸைச் சேர்த்துவிட்டேன், புதுப் பதிப்பு ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணே பதில். 500 இருக்கும்போது 100க்கு வேலையில்லை. 'மைனஸ் டி' போட்டு நாமே கேட்டு வாங்க வேண்டும். உபுண்டுவில் ஒரு அப்டேட் படிப்படியாக வெளியாகிறது என்றால் அந்தச் சதவீதத்தையும் இங்கேயே பார்க்கலாம். 'இந்த பேக்கேஜ் நிறுத்திவைக்கப்பட்டது' என்ற செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பதிப்பைச் சொல்லும் கருவிகள் நிறைய. காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால் இது எனக்குப் பிடிக்கும். ஒரே குறை, எந்தப் பதிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று சொல்லாது. அதற்கு 'ஆப்ட் சேஞ்ச்லாக்'கைத் திறக்க வேண்டும்.

'ஆப்ட்-கேஷ் மேடிசன்' பதிப்புக்கு ஒரு வரி என்று அச்சிடும். கிரெப், ஆக் போன்ற உரைக் கருவிகளை வைத்து வெட்டி எடுக்க அதுதான் வசதி. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் ஆவணங்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் குபெர்னெட்டிஸ் 2023 முதல் ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் தனி ரெப்போ வைத்திருக்கிறது. 1.30க்கான ரெப்போ மட்டும் இருக்கும் மெஷினில் மேடிசன் 1.31ஐக் காட்டாது. ரெப்போ வரியை மாற்றி, 'ஆப்ட் அப்டேட்' கொடுத்த பிறகுதான் தெரியும். 'ஆப்ட் லிஸ்ட் மைனஸ் ஏ' கண்ணுக்கு அழகு. ஸ்கிரிப்டுக்கு வேண்டாம், அதன் வடிவம் மாறலாம் என்று ஆப்டே எச்சரிக்கிறது.

இவை எல்லாமே இன்றைய நிலையை மட்டும் காட்டுபவை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உபுண்டுவில் வெளியீட்டு நாளன்று வந்த பதிப்பு அப்படியே இருக்கும். அப்டேட்ஸ் பகுதியில் கடைசியாக வந்தது மட்டுமே இருக்கும். நடுவில் வந்தவை பட்டியலிலிருந்து போய்விடும். டாக்கர்ஃபைலில் (கன்டெய்னர் இமேஜைக் கட்டும் கோப்பு) சமக்குறி போட்டு முழுப் பதிப்பு எண்ணை எழுதியவர்களின் பில்ட் திடீரென்று ஒருநாள் உடைவது இதனால்தான். பழையது கட்டாயம் வேண்டுமென்றால் டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தையோ சொந்த மிரரையோ (ரெப்போவின் நகல்) நம்புங்கள். பாதுகாப்புத் திருத்தம் வந்த பேக்கேஜைப் பழைய எண்ணில் கட்டிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை.

அப்கிரேடு திட்டமிடும்போது 'ஆர்மேடிசன்' கைகொடுக்கும். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் வருகிறது. ரெப்போ எதையும் சேர்க்காமலேயே டெபியனின் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று எதில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை இணையத்தில் கேட்டுச் சொல்லும். 'மைனஸ் யு உபுண்டு' கொடுத்தால் டெபியனில் இருந்தபடியே உபுண்டுவையும் பார்க்கலாம். இணைய இணைப்பில்லாத சர்வரில் மட்டும் பயனில்லை.

பட்டியல் கிடைத்தால் போதாது, எண்களைப் படிக்கவும் தெரிய வேண்டும். அலைக்குறி வந்தால் அது முந்தையது: 1.0க்குக் கீழேதான் 1.0~ஆர்சி1. டெபியன் 12 பேக்போர்ட்ஸில் '~பிபிஓ12' என்று ஒட்டுவதும் இதற்காகத்தான். டெபியன் 13க்கு மாறும்போது அங்கே அதே எண்ணில் இருக்கும் அசல் பதிப்பு தானாக மேலே நிற்கும். முன்னால் முக்காற்புள்ளியோடு எண் வந்தால் அதற்கே முதல் மதிப்பு: 2.0ஐ விட 1:1.0 பெரியது. சந்தேகம் வந்தால் ஆப்டுக்கு அடியில் இயங்கும் 'டிபிகேஜி'யின் 'கம்பேர்-வெர்ஷன்ஸ்' தீர்த்துவைக்கும். அது திரையில் எதுவும் எழுதாது, கட்டளை முடியும்போது தரும் எக்ஸிட் கோடைப் பாருங்கள்.

ஃபெடோரா பக்கம் போனால் 'டிஎன்எஃப் லிஸ்ட்' உடன் 'ஷோடூப்ளிகேட்ஸ்' போதும். பைத்தானுக்கு 'பிப் இண்டெக்ஸ் வெர்ஷன்ஸ்', பிப் 21.2 பதிப்பிலிருந்து இருக்கிறது.